வெடி, இடி, உறுமி: வீட்டுப் பிராணி மிரண்டால் எதை முதலில் பார்ப்பது

தீபாவளிக்கு முந்திய இரவு எட்டு மணிக்கெல்லாம் எனக்கு முதல் போன் வந்துவிடும். "அக்கா, நாய் கட்டிலுக்கு அடியில பூந்துகிச்சி, வரமாட்டேங்குது." அடுத்து, "அக்கா, பூனை ரெண்டு நாளா சாப்பிடல." பத்து மணிக்கு மேல் வருவதுதான் வயிற்றைக் கலக்கும்: "சங்கிலிய அறுத்துகிட்டு ஓடிடுச்சி."

மலேசியாவின் பேராக் மாநிலத்தில் இருக்கும் எங்கள் சுங்கை சிப்புட்டில் சத்தத்துக்கு ஓய்வே கிடையாது. தீபாவளி வெடி போனால் சீனப் பெருநாள் (சீனப் புத்தாண்டு) வெடி. அதிலும் ஒன்பதாம் நாள் பிறக்கும் நள்ளிரவில் ஹொக்கியன் சீனர் வீடுகளில் வெடிக்கும் சரவெடி, முதல் நாள் இரவையே தோற்கடிக்கும். நோன்பு மாதத்தில் மூங்கில் பீரங்கி, கோயில் திருவிழாவில் உறுமி மேளம். இவற்றுக்கு நடுவே ரயில், செம்பனைப் (எண்ணெய்ப்பனை) பழக்குலை ஏற்றிய லாரி, புல் வெட்டும் மெஷின், சாயங்கால இடி. லயத்து (தோட்டத் தொழிலாளர் வரிசை) வீடானாலும் தாமான் (குடியிருப்புப் பகுதி) வீடானாலும் முன்புறம் தகரக் கூரை இருக்கும். தகரத்தின் கீழ் ஒரு வெடி இரண்டு வெடியாகக் கேட்கும்.

நான் மிருக வைத்தியர் அல்ல. தோட்டத்தில் விட்டுவிட்டுப் போன நாய்களையும் பூனைகளையும் பன்னிரண்டு வருடமாக வீட்டில் வைத்துப் பார்த்து வருகிறேன். வைத்தியர்களிடம் கேட்டுக் கேட்டுத் தெரிந்துகொண்டதை இங்கே அறிகுறி வாரியாக எழுதுகிறேன். ஒவ்வொன்றிலும் காசு செலவில்லாத காரணம் முதலில் வரும், செலவு வைப்பது கடைசியில் வரும்.

## எந்த அறிகுறியானாலும் முதலில் மூன்று

ஈறு என்ன நிறம்? மேல் உதட்டைத் தூக்கிப் பாருங்கள். இளஞ்சிவப்பாக இருந்தால் நல்லது. வெளுத்தோ, நீலம் பாய்ந்தோ, செங்கல் நிறத்திலோ இருந்தால் இதற்கு மேல் படிக்க வேண்டாம், கிளினிக்குக்குக் கிளம்புங்கள். (பிறவியிலேயே ஈறு கறுத்த நாய்க்குக் கீழ் இமையின் உட்புறத்தைப் பாருங்கள்.)

கடைசியாக எப்போது சாப்பிட்டது? எப்போது சிறுநீர் கழித்தது? இரண்டுக்கும் உங்களிடம் பதில் இருக்க வேண்டும்.

சத்தம் நின்று எவ்வளவு நேரம் ஆகிறது? பயம் மட்டும்தான் என்றால் சத்தம் நின்றபின் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கும். மறுநாள் காலையிலும் இறங்கவில்லை என்றால் வேறு ஏதோ இருக்கிறது என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

## நாய் நடுங்குகிறது, மூச்சிரைக்கிறது, எங்கேயாவது புகுந்துகொள்கிறது

வெளியே சத்தம் இருக்கிறது என்றால்: பத்தில் எட்டு வீடுகளில் நான் காண்பது ஒரே குறைதான். நாய்க்கு ஒளிய இடம் இல்லை. முன்வாசல் தகரத்தின் கீழ், கேட் ஓரமாக, சங்கிலியில் கட்டியிருப்பார்கள். வெடி விழும் இடத்துக்கு மிக அருகில், ஓடவும் முடியாமல், ஒளியவும் முடியாமல் அது நிற்கும். முதல் வேலை, சங்கிலியைக் கழற்றி நாயை வீட்டுக்குள் கொண்டு வருவது. "எங்க வீட்ல நாயை உள்ளே விடமாட்டோம்" என்பவர்களிடம் நான் கெஞ்சியே கேட்கிறேன்: அந்த மூன்று இரவுகளுக்கு மட்டும் பின்கட்டு, குளியலறை, ஸ்டோர் ஏதாவது ஒன்றைக் கொடுங்கள். தரையைக் கழுவிக்கொள்ளலாம்.

எந்த அறை? சன்னல் குறைவாக, தெருவுக்கு எதிர்ப்புறமாக, தலைக்கு மேல் தகரம் இல்லாமல் இருப்பது. மேசைக்கு அடியில் பழைய கைலியும் போர்வையும் போட்டு மூன்று பக்கம் தொங்கவிடுங்கள், ஒரு பக்கம் திறந்திருக்கட்டும். நீங்கள் உடுத்திக் கழற்றிய சட்டை ஒன்றை உள்ளே போடுங்கள். காற்றாடியைச் சுழலவிட்டு, மின்னல் எஃப்எம் வானொலியோ டிவியோ சாதாரண அளவில் ஓடட்டும். வெடியை அமுக்குவதற்காக ஒலியைக் கூட்டினால் அறைக்குள்ளும் இரைச்சல்தான் மிஞ்சும். தண்ணீர் இருக்கட்டும். நாய் தானாக ஒரு இடத்தைத் தேர்ந்துவிட்டால், அது கட்டிலுக்கு அடியே ஆனாலும், கழிவறைத் தொட்டி ஓரமே ஆனாலும், இழுத்து வெளியே எடுக்காதீர்கள்.

தடவிக் கொடுத்தால் பயம் பழக்கமாகிவிடும் என்று நம் பெரியவர்கள் சொல்வார்கள். அது சரியல்ல. பயம் வேண்டுமென்று செய்கிற சேட்டை இல்லையே, அன்பு காட்டியதால் அது வளராது. உங்களிடம் வந்து ஒட்டினால் பக்கத்தில் உட்கார்ந்து மெதுவாகத் தடவுங்கள். விலகிப் போனால் விட்டுவிடுங்கள். அதட்டுவதும் அடிப்பதும் மட்டும் வேண்டவே வேண்டாம்.

அன்றைக்கு நடைக்கும் சிறுநீருக்கும் ஆறு மணிக்குள் அழைத்துப் போய், வெளிச்சம் இருக்கும்போதே திரும்பிவிடுங்கள். சாப்பாட்டையும் முன்கூட்டியே கொடுங்கள். வெடி தொடங்கியபின் பல நாய்கள் வாயில் எதையும் வைக்காது.

சத்தம் நின்றும் மூச்சிரைப்பு குறையவில்லை என்றால்: அறை வெப்பமாக இருக்கலாம். நம் ஊர் இரவில், கதவை அடைத்த அறையில், பயத்தில் மூச்சிரைக்கும் நாய்க்குச் சூடு மளமளவென்று ஏறும். மருந்துக் கடையில் கிடைக்கும் டிஜிட்டல் வெப்பமானி ஒன்றை நாய்க்கென்றே வாங்கி வையுங்கள். நுனியில் வாஸ்லின் தடவி ஆசனவாயில் வைத்துப் பார்க்க வேண்டும். நாய்க்கு 38 முதல் 39.2 டிகிரி வரை சரியான சூடு. 40 தாண்டினால் குழாய்த் தண்ணீரால் உடம்பு முழுக்க நனைத்து, காற்றாடி முன்னால் கிடத்தி, வைத்தியருக்குப் போன் போடுங்கள். 41ஐ நெருங்கினாலோ, தள்ளாடினாலோ, வாந்தி எடுத்தாலோ நனைத்தபடியே காரில் ஏற்றுங்கள்.

சத்தமே இல்லாமல் ஒளிகிறது, சாப்பிடவில்லை என்றால்: இதைத்தான் பலர் தவற விடுகிறார்கள். "வெடிக்குப் பயந்து போச்சி" என்று நான்கு நாள் விட்டுவிட்டு ஐந்தாம் நாள் கூப்பிடுவார்கள். எங்கள் பக்கம் உண்ணிக் காய்ச்சல் சர்வ சாதாரணம். காதுக்குள்ளும் விரல் இடுக்கிலும் உண்ணி இருக்கிறதா பாருங்கள். காய்ச்சல், வெளுத்த ஈறு, மூக்கில் ரத்தம், வயிற்றுத் தோலில் சிவப்புப் புள்ளி, இவற்றில் ஒன்று இருந்தாலும் அன்றே ரத்தப் பரிசோதனை வேண்டும். நேரத்தோடு போனால் மருந்தில் தேறிவிடும்.

வயதான நாய், இத்தனை வருடம் பயப்படாதது இப்போது பயப்படுகிறது என்றால்: வலியைத் தேடுங்கள். இடுப்பு, முழங்கால், பல், காது. திடுக்கிட்டு உடம்பு இறுகும்போது வலிக்கும் இடம் இன்னும் வலிக்கும், அதனால் சத்தமே வேதனையாகிவிடும். படி ஏறத் தயங்குகிறதா, தலையை உதறுகிறதா, ஒரு பக்கமாக மெல்லுகிறதா என்று ஒரு வாரம் கவனித்து வைத்தியரிடம் சொல்லுங்கள். வலிக்கு மருந்து கொடுத்ததும் வெடிப் பயம் பாதியாகக் குறைந்த நாய் எங்கள் வீட்டிலேயே இருந்தது.

எல்லாம் செய்தும் ஒவ்வொரு வருடமும் இதே கதி என்றால்: மருந்து பற்றிக் கேட்க வேண்டிய கட்டம். பண்டிகைக்கு மூன்று வாரம் முன்பே போங்கள். பயத்தையே குறைக்கிற மாத்திரைகள் இப்போது இருக்கின்றன. சாதாரண நாளில் ஒருமுறை கொடுத்து நாய்க்கு ஒத்துக்கொள்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் வெடி இரவில் கொடுக்க வேண்டும். "தூங்க வைக்கிற மருந்து குடுங்க" என்று கேட்காதீர்கள். அசிப்ரோமசின் என்ற பழைய வகை மயக்க மருந்தைத் தனியாகக் கொடுத்தால் நாய் அசையாமல் கிடக்கும், ஆனால் உள்ளே பயம் அப்படியே இருக்கும். பார்ப்பவருக்கு அமைதியாகத் தெரியும், அதற்கோ கத்தவும் முடியாத நிலை. வீட்டிலுள்ள மனிதர் தூக்க மாத்திரை, இருமல் மருந்து, பனடோல் எதையும் தொடாதீர்கள். பூனைக்குப் பனடோல் ஒரு மாத்திரையே உயிரைக் குடித்துவிடும்.

## நாய் தப்பி ஓடிவிட்டது

ஓடிய நாயைத் துரத்தாதீர்கள். மிரண்ட நாய்க்குச் சொந்த எசமானரும் துரத்துகிற ஆள்தான். நான்கு பேர் மோட்டாரில் பேர் சொல்லிக் கத்திக்கொண்டு போனால் அது செம்பனைக் காட்டுக்குள் இன்னும் இரண்டு நிரை தாண்டி ஓடும்.

முதலில் வீட்டைச் சுற்றி இருநூறு மீட்டருக்குள் தேடுங்கள்: சாலையோர மோன்சூன் கால்வாய் (பெரிய மழைநீர் வடிகால்), அதன் சிறு பாலங்களுக்கு அடியில், நிறுத்தி வைத்த லாரியின் கீழ், பக்கத்துக் காலி வீடு. கைவிளக்கைத் தாழ்த்தி அடித்தால் கண் மின்னும். கண்டுவிட்டால் நேராக நடக்காமல் பக்கவாட்டில் தரையில் உட்கார்ந்து, தாழ்ந்த குரலில் பேசிக்கொண்டு, கருவாடோ கோழியோ போடுங்கள். வர அரை மணி ஆகலாம்.

அன்று இரவு கேட்டைத் திறந்து வைத்து, உங்கள் துணியையும் அதன் சாப்பாட்டையும் வாசலில் வையுங்கள். பிறகு விடியற்காலை நான்கிலிருந்து ஆறு மணிக்குள் மறுபடி போங்கள். வெடியும் வண்டியும் இல்லாத அந்த நேரத்தில்தான் நாய் மெல்ல வெளியே வரும். நான் மீட்டவற்றில் பாதிக்கு மேல் அந்த நேரத்தில், பால்மரம் சீவப் போகிறவர்கள் பார்த்துச் சொல்லிக் கிடைத்தவை. அவர்களிடமும் தோட்டத்துக் காவல்காரரிடமும் முதல் நாளே நாயின் படத்தைக் காட்டிவிடுங்கள். கம்போங் (மலாய்க்காரர் கிராமம்) பக்கம் போயிருந்தால் அங்குள்ளவர்களிடம் போய்ப் பேசுங்கள். நாயைத் தொட முடியாதவர்கள்கூட எங்கே பார்த்தோம் என்று அன்பாகச் சொல்வார்கள். காலையில் நகராண்மைக் கழகத்துக்கும் போன் செய்யுங்கள். லைசென்ஸ் வில்லை இல்லாத நாயைப் பிடித்து வைத்திருக்கலாம். கழுத்துப் பட்டியில் உங்கள் போன் நம்பரை அழியாத மையில் எழுதி வைக்க ஒரு காசும் ஆகாது.

திரும்பி வந்தபின் கதை முடிந்தது என்று நினைக்க வேண்டாம். பாதம், நகம், உடம்பு முழுக்கத் தடவிப் பாருங்கள். செம்பனைத் தோட்டங்களில் எலிக்கு மரத்தடியில் மெழுகுக் கட்டி மாதிரி விஷம் வைப்பார்கள். அது ரத்தம் உறைவதைத் தடுக்கும், அறிகுறி தெரிய மூன்று முதல் ஐந்து நாள் ஆகும். அந்த நாட்களில் சோர்வு, வெளுத்த ஈறு, மூக்கிலோ மலத்திலோ ரத்தம் கண்டால் "தோட்டத்துக்குள் இருந்தது, எலி மருந்து தின்றிருக்கலாம்" என்று வைத்தியரிடம் சொல்லுங்கள். அதற்கு மாற்று மருந்து இருக்கிறது. ஒரு பக்கம் முகமோ காலோ வீங்கிப் போனால் பாம்பாக இருக்கலாம். கட்டுப் போடாமல், கீறாமல், தூக்கிக்கொண்டு போங்கள்.

## கதவைப் பிறாண்டுகிறது, கிரில்லைக் கடிக்கிறது

பூட்டிய அறையில் தனியாக விட்டீர்களா? முதலில் கதவைத் திறந்து, ஆள் இருக்கும் கூடத்துக்கு அது வர முடிகிறதா பாருங்கள். பல நாய்களுக்கு அந்த இரவில் தேவை மனிதர் பக்கத்தில் இருப்பது. வீட்டில் எல்லாரும் கோயிலுக்கும் விருந்துக்கும் போகிறீர்கள் என்றால் ஒருவர் முறை வைத்து இருங்கள்.

ஆள் இருந்தும் பிறாண்டுகிறது, பல் உடைகிறது, நகத்தில் ரத்தம் வருகிறது என்றால் கூண்டில் அடைக்காதீர்கள். கூண்டுக்குள் இன்னும் மோசமாகக் காயப்படுத்திக்கொள்ளும். இது மருந்து வேண்டிய நிலை. வெடி இல்லாத நாட்களிலும், நீங்கள் வேலைக்குக் கிளம்பியதும் இதே சேட்டை என்றால் காரணம் சத்தம் அல்ல, தனிமை. அதை வைத்தியரிடம் தனியாகச் சொல்ல வேண்டும்.

## மழை வருமுன்னே மிரளத் தொடங்குகிறது

ஏப்ரல், மே மாதங்களிலும் அக்டோபர், நவம்பரிலும் எங்கள் பக்கம் பிற்பகலில் மேகம் கூடி இடி இடிக்கும். இடி கேட்குமுன்பே காற்று, வெளிச்சம், மழைவாசம் எல்லாம் நாய்க்குத் தெரிந்துவிடும். அதனால் வெடிக்குச் செய்ததை இங்கே மேகம் கறுத்ததுமே செய்ய வேண்டும். சன்னல் திரையை மூடுங்கள், மின்னலும் பயத்தில் ஒரு பங்கு. மழைக்காலம் முடிந்த அமைதியான மாதங்களில் போனில் இடிச் சத்தத்தை நாய் காதை நிமிர்த்துகிற அளவுக்கு மட்டும் மெல்ல வைத்து, அதே நேரம் கோழித் துண்டு கொடுத்துப் பழக்கலாம். வாரக் கணக்கில் ஒலியைக் கூட்ட வேண்டும். ஒருநாள் பயந்துவிட்டால் இரண்டு படி கீழே இறங்குங்கள். அவசரக்காரர்கள் இதில் இறங்க வேண்டாம், இருக்கிற பயத்தைக் கூட்டிவிடுவீர்கள்.

## பூனை ஒளிந்துகொண்டது, சாப்பிடவில்லை

பூனை ஒளிவது அதற்கு மருந்து மாதிரி. அலமாரி மேல் ஒரு அட்டைப் பெட்டி, கட்டிலடியில் ஒரு அட்டைப் பெட்டி வைத்துவிட்டு ஆளை விலக்குங்கள். பண்டிகைக்கு வந்த பிள்ளைகள் கையை உள்ளே விட்டு இழுக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். சாப்பாடு, தண்ணீர், மணல் தட்டு மூன்றும் அது ஒளிந்த அறைக்குள்ளேயே, ஆனால் ஒன்றுக்கொன்று தள்ளி இருக்கட்டும். கடைகளில் கிடைக்கும் ஃபெலிவே மாதிரி, பூனையை அமைதிப்படுத்துவதற்கான மணப்பொருள் சில பூனைகளுக்கு உதவுகிறது, சிலவற்றுக்கு ஒன்றும் இல்லை. பெட்டி இலவசம், அதை முதலில் செய்யுங்கள்.

ஒரு நாள் சாப்பிடாவிட்டால் சூடாக்கிய மீன்சாறு வைத்துப் பாருங்கள். இரண்டாம் நாளும் தொடவில்லை என்றால் கிளினிக். பூனை பட்டினி கிடந்தால் ஈரலில் கொழுப்பு சேர்ந்து அதுவே தனி நோயாகிவிடும், குண்டுப் பூனைகளுக்கு இன்னும் சீக்கிரம்.

## பூனை கண்ட இடத்தில் சிறுநீர் கழிக்கிறது

பழிவாங்குகிறது என்று சொல்லி வெளியே துரத்திவிடுகிறார்கள். எனக்கு மனம் கேட்பதில்லை, ஏனென்றால் பாதி நேரம் அந்தப் பூனைக்கு வலி.

மணல் தட்டை முதலில் பாருங்கள்: சுத்தமாக இருக்கிறதா, வாஷிங் மெஷின் பக்கத்திலா, உறவினர் படுத்திருக்கும் அறையிலா? அமைதியான மூலைக்கு மாற்றி, கூடுதலாக ஒரு தட்டு வையுங்கள். மூன்று நாளில் சரியாகிவிட்டால் அவ்வளவுதான் விஷயம்.

சரியாகவில்லை, அடிக்கடி போய் உட்காருகிறது, சொட்டுச் சொட்டாக வருகிறது, ரத்தம் தெரிகிறது என்றால் மன அழுத்தத்தால் சிறுநீர்ப்பை வீங்கியிருக்கலாம். வைத்தியர் பார்க்க வேண்டும். ஆண் பூனை முக்கி முக்கி உட்கார்ந்தும் ஒரு சொட்டும் வரவில்லை என்றால் இரவு எத்தனை மணியானாலும் கிளம்புங்கள். சிறுநீர்க் குழாய் அடைத்திருக்கும், ஓரிரு நாளில் உயிர் போய்விடும். மலச்சிக்கல் என்று விளக்கெண்ணெய் கொடுத்துக் காத்திருந்த வீட்டில் ஒரு நல்ல பூனையை நாங்கள் இழந்தோம்.

## எப்போதும் சாதுவானது, இப்போது கடிக்க வருகிறது

மூலையில் மாட்டிக்கொண்டதா? வழியை விட்டு விலகுங்கள். வலிக்கும் இடத்தைத் தொட்டீர்களா? அந்த இடத்தை நினைவில் வைத்து வைத்தியரிடம் காட்டுங்கள். இரண்டும் இல்லாமல் குணமே மாறி, எச்சில் ஒழுகி, விழுங்க முடியாமல், தள்ளாடி நடந்தால் கிட்டே போகாமல் கதவை மூடிவிட்டு மாவட்டக் கால்நடை இலாகாவுக்குச் சொல்லுங்கள். எங்களுக்கு அது கோலகங்சார் மாவட்டம். 2015இல் பெர்லிஸ், கெடா, பினாங்கில் வெறிநாய்க்கடி நோய் வந்ததை மறக்க வேண்டாம். கடித்துவிட்டால் ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவி, அன்றே மனிதர் கிளினிக்குக்குப் போங்கள். மஞ்சள் வைத்துக் கட்டி உட்கார்ந்திருக்காதீர்கள்.

## கொசுப் புகை அடித்தபின் வித்தியாசமாக இருக்கிறது

டெங்கி கண்ட தெருவில் புகை அடிக்க வரும்போது மெஷின் சத்தமே பிராணிகளை விரட்டும். மருந்து இன்னொரு தொல்லை. பல புகை மருந்துகளில் பைரித்ராய்டு வகைப் பூச்சிக்கொல்லி இருக்கும், பூனைக்கும் மீனுக்கும் அது ஆகாது. மெஷின் சத்தம் தூரத்தில் கேட்டதுமே பூனையையும் பறவைக் கூண்டையும் வீட்டுக்கு வெளியே, புகை எட்டாத இடத்துக்குத் தூக்கிப் போங்கள். மீன்தொட்டியை மூடி, காற்று பம்பை நிறுத்துங்கள். அரை மணிக்கு மேல் ஆனபின், தரையையும் சாப்பாட்டுத் தட்டுகளையும் துடைத்துவிட்டு உள்ளே விடுங்கள்.

பூனைக்கு உடம்பு துடித்தால், எச்சில் வழிந்தால் உடனே கிளினிக். நாய் உண்ணிக்குக் கழுத்தில் ஊற்றும் மருந்தைப் பூனைக்கு ஊற்றினாலும் இதே துடிப்பு வரும். அப்போது பாத்திரம் கழுவும் சோப்பால் வெதுவெதுப்பான நீரில் கழுவி, துணியில் சுற்றி எடுத்துப் போங்கள்.

## கூண்டுப் பறவை, முயல்

இருட்டில் வெடி விழுந்து கிளி கூண்டில் மோதினால் சின்ன விளக்கைப் போடுங்கள். கூண்டை மூன்று பக்கம் துணியால் மூடி உள் அறையில் வையுங்கள். இறக்கை தொங்கினாலோ, ரத்தம் நிற்காவிட்டாலோ வைத்தியர். முயல் அரை நாள் சாப்பிடாமல், புழுக்கை போடாமல் இருந்தால் காலைவரை காத்திருக்க வேண்டாம், அதன் குடல் நின்றுவிடும்.

## கிளினிக்குக்குப் போன் செய்யும்போது

எங்களுக்கு இரவில் திறந்திருக்கும் இடம் தேடினால் ஈப்போதான், காரில் அரை மணி நேரம். பண்டிகை நாளில் எது திறந்திருக்கும் என்று ஒரு வாரம் முன்பே கேட்டு, நம்பரை ஐஸ்பெட்டிக் கதவில் ஒட்டி வையுங்கள். பேசும்போது எடை, வயது, ஈறின் நிறம், சூடு, கடைசியாகச் சாப்பிட்ட நேரம், கடைசியாகச் சிறுநீர் கழித்த நேரம், வீட்டில் கொடுத்த மருந்து எல்லாவற்றையும் சொல்லுங்கள். வெட்கப்பட்டு எதையும் மறைக்காதீர்கள். நடுக்கமா வலிப்பா என்று தெரியாவிட்டால் போனில் அரை நிமிடம் படம் பிடித்து அனுப்புங்கள். நாயைக் காரில் ஏற்றுமுன் கழுத்துப் பட்டியில் கயிறு மாட்டிப் பிடித்துக்கொண்ட பிறகே வீட்டுக் கதவைத் திறக்க வேண்டும்.